போரில் அஜாக்கிரதையால் மக்கள் செத்தால் யார் மேல் வழக்கு?

கேள்வி இதுதான்: "கவனமில்லாமல் லாரி ஓட்டி ஒருவரைக் கொன்றால் டிரைவர் மேல் வழக்கு வருகிறது. போரில் ஒரு ராணுவ அதிகாரி சரியாக விசாரிக்காமல் குண்டு போடச் சொல்லி, ஊர்மக்கள் ஐம்பது பேர் செத்தால் அவர் மேல் ஏன் வழக்கு வருவதில்லை? வேண்டுமென்றே கொன்றால் போர்க்குற்றம் என்று தெரியும். தவறுதலாகக் கொன்றால் அது என்ன குற்றம்?"

சுருக்கமாகச் சொன்னால், பல நாடுகளின் உள்நாட்டுச் சட்டப்படி வழக்கு போட வழி இருக்கிறது. போட்டவர்களும் இருக்கிறார்கள். ஆனால் பெரும்பாலும் நிற்பதில்லை. அபூர்வமாக யாருக்காவது தண்டனை கிடைத்தாலும், பெரும்பாலும் அது உத்தரவை மீறியதற்காகவோ கடமை தவறியதற்காகவோதான் இருக்கும், மக்கள் செத்ததற்காக இருக்காது. இது எப்படி நேர்கிறது என்பதைக் கொஞ்சம் நீளமாகத்தான் சொல்ல வேண்டும்.

நம்மூர் எஃப்.ஐ.ஆர்.களில் "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்" என்ற வாசகம் எழுதி எழுதித் தேய்ந்தே போய்விட்டது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 304ஏ பிரிவு, 2 ஆண்டு வரை சிறை. இப்போது பாரதிய நியாய சம்ஹிதாவில் 106வது பிரிவு, 5 ஆண்டு வரை. டிரைவருக்குக் கொல்லும் எண்ணம் இருந்ததா என்று இந்தப் பிரிவில் யாரும் கேட்பதில்லை. சாதாரண ஜாக்கிரதை உள்ளவர் அந்த இடத்தில் செய்திருக்கக்கூடியதை இவர் செய்தாரா, அவ்வளவுதான் கேள்வி. அமெரிக்க ராணுவச் சட்டத்திலும் ஜெர்மானிய தண்டனைச் சட்டத்திலும் இதே வகைக் குற்றம் உண்டு. அதனால் சட்டப்புத்தகத்தில் பிரிவே இல்லை என்று சொல்ல முடியாது.

சிக்கல் வேறு இடத்தில் தொடங்குகிறது. போர்ச்சட்டம் கொல்வதை அனுமதிக்கும் சட்டம். சீருடை அணிந்த ஒரு நாட்டின் படைவீரர் எதிரி வீரரைச் சுட்டால் அது கொலையே அல்ல. அதைவிடச் சங்கடமான விஷயம், ராணுவ இலக்கைத் தாக்கும்போது பக்கத்தில் இருக்கும் பொதுமக்கள் சாவார்கள் என்று முன்பே தெரிந்திருந்தும் தாக்கலாம். எதிர்பார்க்கும் ராணுவப் பலனோடு ஒப்பிடும்போது அந்தச் சாவுகள் மிகையாக இருக்கக் கூடாது என்பதுதான் நிபந்தனை. தெரிந்தே சாகவிடுவதற்கு இடம் தருகிற சட்டத்திடம் போய், தெரியாமல் செத்ததற்குத் தண்டனை கேட்கிறோம். வழக்கறிஞர்கள் இந்த இடத்தில்தான் முதலில் தடுமாறுகிறார்கள்.

பன்னாட்டு குற்றவியல் நீதிமன்றத்தை உருவாக்கிய ரோம் சாசனத்தின் 30வது உறுப்பு, குற்றத்துக்கு எண்ணமும் அறிவும் வேண்டும் என்கிறது. மிகையான பொதுமக்கள் இழப்பு பற்றிய போர்க்குற்றத்துக்கு, இழப்பு "தெளிவாகவே" மிகையாக இருக்கும் என்பது தெரிந்தே தாக்கியிருக்க வேண்டும். ஜெனீவா போர் ஒப்பந்தங்களோடு 1977இல் சேர்க்கப்பட்ட முதல் கூடுதல் நெறிமுறை "வேண்டுமென்றே" செய்வதைக் கடும் மீறல் என்கிறது. செஞ்சிலுவைச் சங்கத்தின் விளக்கவுரை, ஆபத்து தெரிந்தும் வருவது வரட்டும் என்று செய்வதை இதற்குள் சேர்க்கிறது. சாதாரணக் கவனக்குறைவைச் சேர்க்கவில்லை. ஆக, பன்னாட்டுச் சட்டத்தில் அஜாக்கிரதை ஒரு போர்க்குற்றம் அல்ல. அது கடமை மீறல் மட்டுமே. அதே நெறிமுறையின் 57வது உறுப்பு, தாக்குதலைத் திட்டமிடுபவரும் முடிவெடுப்பவரும் இலக்கைச் சரிபார்க்கச் சாத்தியமான எல்லாவற்றையும் செய்ய வேண்டும் என்று அழகாகச் சொல்கிறது. செய்யாவிட்டால் அந்த நாடு பதில் சொல்ல வேண்டியிருக்கும். அந்த ஆளைச் சிறைக்கு அனுப்ப அது மட்டும் போதாது. இந்த நெறிமுறையில் அமெரிக்கா, இந்தியா, இலங்கை மூன்றும் உறுப்பினர் அல்ல என்பதையும் சேர்த்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ரோம் சாசனத்திலும் இந்த மூன்றும் இல்லை.

சரி, நடந்த கதைக்கு வருவோம். இந்த விவாதத்தில் அடிக்கடி பேசப்படுவது ஆப்கானிஸ்தானின் குந்தூஸ். 2009 செப்டம்பர் 3ஆம் தேதி தாலிபான்கள் இரண்டு எரிபொருள் டேங்கர் லாரிகளைக் கடத்தினார்கள். குந்தூஸ் ஆற்றைக் கடக்கும்போது இரண்டும் மணல்திட்டில் சிக்கிக்கொண்டன. ஜெர்மன் முகாமிலிருந்து சில கிலோமீட்டர் தூரம்தான். லாரியை நகர்த்த எடையைக் குறைக்க வேண்டும், அதனால் எரிபொருளை இறக்கத் தொடங்கினார்கள். இலவசமாகக் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டு, சுற்றியிருந்த கிராமத்து மக்கள் கேனும் குடமுமாக வந்து சேர்ந்தார்கள். அவர்களில் சிறுவர்களும் இருந்தார்கள்.

முகாமின் தளபதி கர்னல் கேயோர்க் கிளைன். லாரிகளை வெடிகுண்டாக்கி முகாமுக்குள் ஓட்டிவிடுவார்களோ என்பது அவர் கவலை. அதை முட்டாள்தனமான கவலை என்று சொல்லிவிட முடியாது. விமானம் கேட்டார். தரைப்படை எதிரியோடு நேருக்கு நேர் மோதிக்கொண்டிருந்தால்தான் எளிதில் விமானம் கிடைக்கும், அதனால் அப்படி மோதல் நடப்பதாகவே தெரிவிக்கப்பட்டது. உண்மையில் ஜெர்மன் வீரர் ஒருவர்கூட மணல்திட்டுப் பக்கம் இல்லை. வந்த இரண்டு அமெரிக்க எஃப்-15 விமானங்களின் விமானிகளுக்குக் கீழே இத்தனை பேர் இருப்பது உறுத்தியது. முதலில் தாழப் பறந்து அவர்களைக் கலைக்கலாமா என்று ஒருமுறைக்கு மேல் கேட்டார்கள். வேண்டாம் என்று பதில் போனது. உடனடி அச்சுறுத்தல் இருக்கிறதா என்றும் கேட்டார்கள். இருக்கிறது என்று பதில் போனது. கீழே இருப்பவர்கள் எல்லோரும் தாலிபான்கள்தான் என்பதற்கு கர்னலிடம் இருந்த ஆதாரம், தொலைபேசியில் திரும்பத் திரும்ப உறுதி சொன்ன ஒரே ஒரு தகவலாளி. விமானத்தின் அகச்சிவப்புக் கேமராவில் தெரிந்தது வெறும் புள்ளிகள்தான், அதில் ஆயுதம் வைத்திருப்பவர் யார் கேன் வைத்திருப்பவர் யார் என்று பிரித்துச் சொல்ல முடியாது. நள்ளிரவுக்குப் பிறகு, இரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னதாக, இரண்டு 500 பவுண்டு குண்டுகள் விழுந்தன.

எத்தனை பேர் செத்தார்கள் என்பதில் இன்றுவரை ஒரே கணக்கு இல்லை. இறந்தவர்கள், படுகாயமடைந்தவர்கள் என நூறு பேர் அளவுக்கு ஜெர்மனி பின்னாளில் தலா 5,000 டாலர் கொடுத்தது, சட்டப் பொறுப்பு எதையும் ஏற்காமல். அரசியலில் தலைகள் உருண்டன. தாக்குதலின்போது பாதுகாப்பு அமைச்சராக இருந்த ஃபிரான்ஸ் யோசஃப் யுங், அப்புறம் தொழிலாளர் அமைச்சராகியிருந்த நிலையில் நவம்பரில் ராஜினாமா செய்தார். முப்படைத் தளபதி ஷ்னைடர்ஹானும் போனார். கிளைன் போகவில்லை. 2010 ஏப்ரலில் ஜெர்மன் கூட்டாட்சித் தலைமை வழக்கறிஞர் விசாரணையை முடித்துவைத்தார். அவர் சொன்ன காரணத்தைக் கவனியுங்கள். ஜெர்மனியின் போர்க்குற்றச் சட்டப்படி, மிகையான சாவு நேரும் என்று தளபதி நிச்சயமாக எதிர்பார்த்திருக்க வேண்டும். கிளைனோ அங்கே பொதுமக்களே இல்லை என்று நம்பியிருந்தார். அதனால் போர்க்குற்றம் இல்லை. சாதாரண தண்டனைச் சட்டப்படி பார்த்தாலும், அந்த நேரத்தில் அவருக்குத் தெரிந்ததை வைத்துப் பார்த்தால் தாக்குதல் போர்ச்சட்டத்துக்கு உட்பட்டதுதான், அதனால் அதுவும் குற்றமில்லை.

இந்த வாதத்தில் எங்கோ ஒரு திருகல் இருப்பது உங்களுக்கும் தெரியும். "அவர் நம்பினார்" என்பது கொலை வழக்குக்குச் சரியான பதில். அந்த நம்பிக்கைக்கு வர அவர் போதுமான அளவு சரிபார்த்தாரா என்பதுதான் அஜாக்கிரதை வழக்கின் கேள்வி. முதல் கேள்விக்கான பதிலே இரண்டாவதுக்கும் போதுமானதாகிவிட்டது. ஒரு தந்தை, 8 மற்றும் 12 வயதான தன் இரண்டு மகன்களை இழந்தவர், ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனார். 'ஹனான் எதிர் ஜெர்மனி' வழக்கில் 2021 பிப்ரவரி 16 அன்று அந்த நீதிமன்றத்தின் உயர்ந்த அமர்வான பேரமர்வு தீர்ப்பளித்தது. வெளிநாட்டில் நடந்த தாக்குதலையும் விசாரிக்க ஜெர்மனிக்குக் கடமை உண்டு என்று ஒப்புக்கொண்டது, அது பெரிய விஷயம். ஆனால் நடந்த விசாரணை போதுமானதே என்று முடித்துவிட்டது. இழப்பீட்டு வழக்கும் 2016இல் ஜெர்மன் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. கிளைன் 2013இல் பிரிகேடியர் ஜெனரல் ஆகியிருந்தார்.

இதற்கு நேரெதிரான வழக்கு ஆஸ்திரேலியாவில் நடந்தது. அதே 2009, பிப்ரவரி 12 இரவு, உருஸ்கான் மாகாணம். ஆஸ்திரேலிய கமாண்டோக்கள் ஒரு வீட்டு வளாகத்துக்குள் தேடப்போனார்கள். உள்ளே ஓர் அறையிலிருந்து ஒருவர் சுட ஆரம்பித்தார். இவர்கள் திருப்பிச் சுட்டார்கள், அறைக்குள் கையெறி குண்டும் வீசினார்கள். முடிவில் 6 பேர் இறந்தார்கள், அதில் 5 பேர் குழந்தைகள்.

ஆஸ்திரேலியாவில் ராணுவ வழக்கு தொடரும் இயக்குநர் என்று ஒரு பதவி உண்டு. படைத்தளபதிகளின் கட்டளைக்குக் கட்டுப்படாத, சட்டப்படி தனித்து இயங்கும் பதவி. அப்போது அதில் இருந்தவர் பிரிகேடியர் லின் மெக்டேட். 2010 செப்டம்பரில் அவர் இரண்டு வீரர்கள் மீது, கவனக்குறைவால் உயிரிழப்பு ஏற்படுத்தியதாக வழக்கு போட்டார். அவர்களுக்கு மேலிருந்த லெப்டினன்ட் கர்னல் ஒருவர் மீதும் தனிக் குற்றச்சாட்டுகள். நடந்துகொண்டிருந்த சண்டையில் செய்த செயலுக்காக, கொல்லும் எண்ணமே இருந்ததாகச் சொல்லாமல், கவனக்குறைவு என்ற பெயரிலேயே தொடரப்பட்ட வழக்கு இது. இந்த வகை வழக்கு மிக அபூர்வம். நாடே கொதித்தது. வானொலி நிகழ்ச்சிகளில் மெக்டேடைத் திட்டினார்கள், அவருக்கு எதிராக ஆயிரக்கணக்கானோர் மனுவில் கையெழுத்துப் போட்டார்கள்.

2011 மே மாதம் தலைமை ராணுவ நீதிபதி பிரிகேடியர் இயன் வெஸ்ட்வுட், விசாரணை தொடங்கும் முன்பே அந்தக் குற்றச்சாட்டு நிற்காது என்றார். கவனக்குறைவால் மரணம் என்று சொல்ல வேண்டுமானால் முதலில் இறந்தவர் மீது கவனம் காட்டும் சட்டக் கடமை இருந்திருக்க வேண்டும். நேரடிச் சண்டையில் இருக்கும் வீரருக்கு அப்படி ஒரு கடமை சட்டத்தில் இல்லை என்பது அவர் முடிவு. அந்த வழக்கு முடிந்தது. லெப்டினன்ட் கர்னல் மீதான வழக்கும் அதே ஆண்டில் கைவிடப்பட்டது.

இந்தக் கருத்து எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால் ஒரு கப்பல் மோதலில் போய் நிற்போம். 1939இல் விளக்கணைத்து வந்த ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் அடிலெய்டு, காப்டிக் என்ற வணிகக் கப்பலோடு மோதியது. கப்பல் முதலாளிகள் நஷ்டஈடு கேட்டார்கள். 1940இல் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம், எதிரியோடு உண்மையில் போரிடும்போது கவனக்குறைவுக்கு நஷ்டஈடு கேட்க முடியாது என்ற கொள்கையை விளக்கியது. அதாவது இது காசு கேட்கும் வழக்குக்கான விதி, கப்பல் முதலாளிக்குச் சொன்னது. அதைத் தூக்கி, குழந்தைகள் செத்த குற்ற வழக்கில் வைத்தது சரியா என்று சட்டப் பேராசிரியர்கள் இன்றும் சண்டை போடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. குற்றவியல் சட்டம் கடமையைத் தேட நஷ்டஈட்டுச் சட்டத்திடம் போயிருக்க வேண்டியதில்லை. 57வது உறுப்பு கையருகே இருந்தது, ஆஸ்திரேலியா அதில் கையெழுத்திட்டு உறுதிசெய்த நாடு. ஆனால் அந்த இருவரைத் தண்டித்திருக்க வேண்டுமா என்று கேட்டால், அதற்கும் இல்லை என்றுதான் சொல்வேன். இருட்டறை, எதிரே துப்பாக்கி, யோசிக்கக் கிடைத்தது சில நொடி. விசாரணை நடந்திருந்தால் அதைச் சொல்லியே அவர்கள் விடுதலையாகியிருக்க வாய்ப்பு அதிகம். ஆஸ்திரேலியப் படை ஒழுங்குச் சட்டமே, கவனக்குறைவை அளக்கும்போது அவர் பணியில் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதைக் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. அளந்து பார்த்து விடுவிப்பது வேறு, அளக்கவே முடியாது என்று கதவைச் சாத்துவது வேறு.

இன்னும் சில வழக்குகளை வேகமாகப் பார்த்துவிடலாம். 2007 ஆகஸ்டில் ஆப்கானிஸ்தானின் நங்கர் கேல் கிராமத்தின் மீது போலந்து வீரர்கள் மோர்ட்டார் குண்டு வீசினார்கள், பெண்களும் குழந்தைகளும் செத்தார்கள். முதலில் போர்க்குற்ற வழக்கு. 2011இல் எல்லோரும் விடுதலை. மேல்முறையீட்டுக்குப் பிறகு 2015இல் நால்வர் குற்றவாளிகள், ஆனால் உத்தரவைச் சரியாக நிறைவேற்றாததற்காக. சிறைக்கு யாரும் போகவில்லை, தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது. நெதர்லாந்தில் 'எரிக் ஓ.' என்று மட்டும் அறியப்படும் சார்ஜென்ட் மேஜர், 2003 டிசம்பரில் இராக்கில் எச்சரிக்கைக்காகச் சுட்ட குண்டு ஒருவரைக் கொன்றது. கவனக்குறைவு வழக்கு போட்டார்கள். 2004இல் விடுதலை, 2005 மேல்முறையீட்டிலும் விடுதலை. 2002 ஏப்ரலில் காந்தகார் பக்கம் அமெரிக்க விமானி ஹாரி ஷ்மிட், பயிற்சியில் இருந்த கனடா வீரர்கள் மேல் குண்டு போட்டு நாலு பேரைக் கொன்றார். பொறு, சுடாதே என்று சொல்லப்பட்டிருந்தும் தற்காப்பு என்று முடிவெடுத்துப் போட்ட குண்டு. இறந்தவர்கள் நட்பு நாட்டு வீரர்கள் என்பதாலோ என்னவோ, கொலையாகாத மரணம் என்றே முதலில் குற்றம் சாட்டினார்கள். கடைசியில் கடமை தவறியதாகக் குறைத்து, 2004இல் கண்டனமும் சுமார் 5,700 டாலர் அபராதமும்.

ஈரானிலும் இதே கதை. 2020 ஜனவரி 8 அன்று தெஹ்ரானிலிருந்து கிளம்பிய உக்ரைன் பயணிகள் விமானத்தை ஈரானின் ஏவுகணை வீழ்த்தியது, 176 பேர் பலி. அமெரிக்கா பதிலடி கொடுக்கும் என்று எதிர்பார்த்து விழிப்பில் இருந்த இரவு, விமானத்தை எதிரி ஏவுகணை என்று நினைத்துவிட்டார்கள் என்றது அரசு. 2023இல் ராணுவ நீதிமன்றம் ஏவுகணைத் தளத்தின் தளபதிக்கு 13 ஆண்டும் மற்ற ஒன்பது பேருக்கு 1 முதல் 3 ஆண்டு வரையும் கொடுத்தது. மேலிருந்து அனுமதி வராமல் சுட்டார் என்பதுதான் தளபதி மீதான மையக் குற்றச்சாட்டு. 13 ஆண்டு என்பது இந்த வரிசையில் கடுமையான தண்டனை. ஆனால் வானத்தை மூடாமல் பயணிகள் விமானங்களைப் பறக்கவிட்ட மேலதிகாரிகள் எங்கே என்று குடும்பங்கள் கேட்டார்கள். இதே வகைத் தவறை 1988 ஜூலை 3 அன்று அமெரிக்கப் போர்க்கப்பல் வின்சென்ஸ் செய்து, ஈரான் பயணிகள் விமானத்தில் இருந்த 290 பேரைக் கொன்றபோது, கப்பல் கேப்டன் மீது வழக்கே வரவில்லை, பின்னர் பதக்கம்தான் வந்தது. 1996இல் இறந்த ஈரானியர்களின் குடும்பங்களுக்கு 61.8 மில்லியன் டாலர் கொடுத்து அமெரிக்கா சமரசம் செய்துகொண்டது.

மலேசிய விமானம் எம்.எச்.17 வழக்கு மட்டும் தனி ரகம். 2014 ஜூலையில் கிழக்கு உக்ரைனில் அது சுட்டு வீழ்த்தப்பட்டு 298 பேர் செத்த வழக்கில், 2022 நவம்பரில் நெதர்லாந்து நீதிமன்றம் மூவருக்கு, அவர்கள் நேரில் வராத நிலையிலேயே, ஆயுள் தண்டனை விதித்தது. போர்விமானம் என்று நினைத்துச் சுட்டிருக்கலாமே என்ற கேள்வி அங்கே எழுந்தது. அது பொருட்டல்ல என்றது நீதிமன்றம். குற்றவாளிகள் சட்டப்படியான படையின் வீரர்கள் அல்ல, அதனால் போர்விமானத்தைச் சுடவும் அவர்களுக்கு உரிமை கிடையாது, யாரைச் சுட்டாலும் கொலைதான். சீருடையும் அரசும் பின்னால் இருந்தால் 'தவறுதலாக' என்ற சொல் வழக்கையே கரைத்துவிடும், இல்லாவிட்டால் அதே சொல் செல்லாக்காசு.

இப்போது மறுபடி குந்தூஸ், 2015 அக்டோபர் 3. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு நடத்திய மருத்துவமனை. சில நாள் முன்புதான் தங்கள் இடத்தின் ஆயத்தொலைவுகளை அமெரிக்கப் படைக்கு அனுப்பியிருந்தார்கள். ஏசி-130 ரகப் பீரங்கி விமானம் அன்றிரவு அவசரமாகக் கிளம்பியது, முறையான விளக்கக் கூட்டம் இல்லாமல், எங்கே தாக்கக் கூடாது என்ற பட்டியல் விமானத்தில் ஏறாமல். நடுவழியில் தரவு இணைப்பும் பழுதானது. ஏவுகணை அச்சத்தில் விமானம் பாதை விலகியதால், இலக்கின் எண்களைக் கருவியில் கொடுத்தபோது அது ஒரு வெறும் வயலைக் காட்டியது. உண்மையான இலக்கு, தாலிபான்கள் கைக்குப் போயிருந்த ஆப்கன் உளவுத்துறைக் கட்டடம். சொல்லப்பட்ட அடையாளத்துக்கு ஒத்துவரும் பெரிய கட்டடம் ஒன்று அருகே கண்ணில் பட்டது, அதுதான் என்று முடிவு செய்தார்கள். அந்தக் கட்டடத்திலிருந்து யாரும் சுடவில்லை. விமானம் 211 குண்டுகளைச் சுட்டது. மருத்துவமனையிலிருந்து தொலைபேசி அழைப்புகள் போய்க்கொண்டிருக்கும்போதே தாக்குதல் தொடர்ந்தது. 42 பேர் இறந்தார்கள், நோயாளிகள், மருத்துவர்கள், ஊழியர்கள்.

அமெரிக்கா 2016 ஏப்ரலில் அறிக்கை வெளியிட்டது. போர்ச்சட்டம் மீறப்பட்டது என்றே ஒப்புக்கொண்டது. ஆனால் வேண்டுமென்றே செய்யாததால் போர்க்குற்றம் அல்ல என்றார் அந்தப் பகுதி அமெரிக்கப் படைகளின் தலைமைத் தளபதி ஜெனரல் ஜோசஃப் வோட்டல். 16 பேர் மீது நிர்வாக நடவடிக்கை, அதாவது கண்டனக் கடிதம், பதவியிலிருந்து மாற்றம், மறுபயிற்சி. குற்ற வழக்கு ஒன்றுகூட இல்லை. அமெரிக்க ராணுவச் சட்டத்தில் கவனக்குறைவு மரணத்துக்குப் பிரிவு இருக்கிறது என்று முன்பே சொன்னேன். அதைத் தொடவே இல்லை. போர்க்குற்றமா இல்லையா என்ற கேள்விக்கு "இல்லை" என்று பதில் சொல்லிவிட்டு, வேறு எந்தக் குற்றமும் இல்லை என்பதுபோல நகர்ந்துவிட்டார்கள்.

2021 ஆகஸ்ட் 29, காபூல். ஒரு வெள்ளை டொயோட்டா கொரோலாவை டிரோன்கள் ஏறக்குறைய 8 மணி நேரம் பின்தொடர்ந்தன. காரில் ஏற்றப்பட்டவை வெடிபொருள் என்று நினைத்தார்கள், அவை தண்ணீர்க் கேன்கள். ஓட்டியவர் உதவி நிறுவனம் ஒன்றின் ஊழியர். 10 பேர் செத்தார்கள், 7 பேர் குழந்தைகள். சில நாள் நியாயமான தாக்குதல் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள், செப்டம்பர் 17 அன்று தவறு என்று ஒப்புக்கொண்டார்கள். விமானப்படைத் தலைமை ஆய்வாளர் இது நேர்மையான பிழை, சட்டமீறல் இல்லை என்றார். டிசம்பரில் யாருக்கும் தண்டனை இல்லை என்று முடிந்தது.

நான் சொல்ல வந்தது இதுதான். சட்டமும் ராணுவங்களும் இந்தத் தவறுகள் எல்லாவற்றையும் ஒரே கூடையில் போடுகின்றன. "போரின் பரபரப்பில் நடந்தது, நிதானமாக உட்கார்ந்து தீர்ப்பு சொல்லக் கூடாது" என்ற வாதம் உருஸ்கான் இருட்டறைக்குப் பொருந்தும். மணல்திட்டில் சிக்கி, எங்கும் நகர முடியாத லாரிகளுக்குப் பொருந்தாது. எட்டு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்த காருக்குப் பொருந்தாது. நேரம் இருந்தவரிடம் சரிபார்க்கும் கடமை கூடுதலாக இருக்க வேண்டும், ஏனென்றால் 57வது உறுப்பு சொல்லும் "சாத்தியமான எல்லாம்" என்பது நேரத்தோடு சேர்ந்து வளர்கிற அளவு. நடைமுறை தலைகீழ். துப்பாக்கியோ ஏவுகணைப் பொத்தானோ கையில் இருந்த கீழ்நிலை ஆள் மீது எப்போதாவது வழக்கு வருகிறது. தொலைவில் திரை முன் உட்கார்ந்து முடிவெடுத்தவர் விஷயத்தில் அது 'அமைப்பின் தோல்வி' ஆகிவிடுகிறது. பல பேர் கையில் சிறு சிறு பிழை இருந்தால் எந்த ஒருவரின் பிழையும் குற்றமாகும் அளவுக்குப் பெரிதில்லை என்று வாதிட முடிகிறது. மருத்துவமனை விவகாரத்தில் நடந்தது சரியாக அதுதான்.

எதிர்வாதத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். கவனக்குறைவுக்கு வழக்கு என்று வந்தால் தளபதிகள் முடிவெடுக்கப் பயப்படுவார்கள், சரிபார்த்த தடயமே இருக்கக் கூடாது என்று நினைப்பார்கள், பிழைகளை மறைப்பார்கள். அதில் உண்மை இருக்கிறது. விமான விபத்து விசாரணைகளில் குற்ற வழக்கைத் தள்ளிவைப்பதும் இதே காரணத்துக்காகத்தான். ஆனால் விமானத்துறையில் அந்தச் சலுகைக்குப் பதிலாக, சுதந்திரமான அமைப்பு விசாரித்து அறிக்கையை வெளியிடுகிறது. ராணுவங்கள் தங்களைத் தாங்களே விசாரித்துக்கொள்கின்றன. எல்லைகளற்ற மருத்துவர்கள் வெளி விசாரணை கேட்டும் கிடைக்கவில்லை.

கட்டளைப் பொறுப்பு, அதாவது கீழே உள்ளவர்கள் செய்த குற்றத்துக்குத் தளபதியைப் பொறுப்பாக்கும் விதி, பற்றி ஒரு குழப்பம் அடிக்கடி வரும், அதையும் சொல்லிவிடுகிறேன். ரோம் சாசனத்தின் 28வது உறுப்பில் தளபதிக்குத் "தெரிந்திருக்க வேண்டும்" என்ற அளவுகோல் இருக்கிறதே, அது கவனக்குறைவுதானே என்பார்கள். ஆமாம், கவனக்குறைவை ஒட்டியதுதான். ஆனால் கீழே இருப்பவர்கள் வேண்டுமென்றே குற்றம் செய்திருக்க வேண்டும், அதைத் தடுக்கத் தளபதி தவறியிருக்க வேண்டும். கீழே நடந்தது வெறும் பிழை என்றால் மேலே பொறுப்பு ஏறாது.

இந்தியாவில் நிலை என்ன என்று கேட்பீர்கள். இங்கே 106வது பிரிவு இருந்தாலும் அதற்கு முன்னால் ஒரு வாசல் இருக்கிறது. ஆயுதப்படைகள் சிறப்பு அதிகாரச் சட்டம் அமலில் உள்ள இடத்தில், அதன் 6வது பிரிவின்படி மத்திய அரசின் முன் அனுமதி இல்லாமல் வழக்கு நடத்த முடியாது. 2021 டிசம்பர் 4 அன்று நாகாலாந்தின் மோன் மாவட்டம் ஓட்டிங்கில், நிலக்கரிச் சுரங்க வேலை முடிந்து பிக்கப் வேனில் வீடு திரும்பிக்கொண்டிருந்தவர்களைத் தீவிரவாதிகள் என்று நினைத்து ராணுவச் சிறப்புப் படையினர் சுட்டதில் 6 பேர் இறந்தார்கள். தவறான அடையாளம் என்று அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. மாநிலச் சிறப்புப் புலனாய்வுக் குழு 30 ராணுவத்தினர் மீது குற்றப்பத்திரிகை தயாரித்தது. மத்திய அரசு அனுமதி மறுத்தது. 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் நடவடிக்கைகளை முடித்துவைத்தது, பின்னால் அனுமதி கிடைத்தால் தொடரலாம் என்ற குறிப்போடு. அது கொலையா, அஜாக்கிரதையா, நியாயமான பிழையா என்ற விவாதத்துக்குள் நீதிமன்றம் போகவே நேரவில்லை.

எதை மாற்றினால் உதவும் என்றால், என் பார்வையில் 57வது உறுப்பின் சரிபார்க்கும் கடமையை ஒவ்வொரு நாட்டு ராணுவச் சட்டத்திலும் தனிக் குற்றமாக எழுதலாம். சாவின் எண்ணிக்கையை வைத்து அல்ல, சரிபார்ப்பில் காட்டிய கடும் அலட்சியத்தை வைத்து. திட்டமிடுபவர், முடிவெடுப்பவர் ஆகியோருக்கு மட்டும். அப்படி இருந்திருந்தால் கர்னல் கிளைனிடம் கேட்கப்படும் கேள்வி "நீங்கள் என்ன நம்பினீர்கள்" என்பதாக இருந்திருக்காது, "விமானி கலைக்கலாமா என்று கேட்டபோது ஏன் வேண்டாம் என்றீர்கள்" என்பதாக இருந்திருக்கும். அவரிடம் நல்ல பதில் இருந்திருக்கவும் கூடும்.

குற்ற வழக்கு வேண்டாம், இழப்பீடாவது வழக்கு போட்டு வாங்கலாமா என்றால் அங்கும் பெரிதாக வழியில்லை. அமெரிக்க அரசு மீது நஷ்டஈடு கேட்க வழி தரும் 1946ஆம் ஆண்டுச் சட்டம், போர்க்காலத்தில் நடக்கும் சண்டைச் செயல்களை விலக்கிவைத்திருக்கிறது. வெளிநாட்டவர் இழப்பீட்டுச் சட்டமும் சண்டையில் நேர்ந்த சேதத்தை ஏற்காது. மிச்சமிருப்பது தளபதிகள் மனமிரங்கிக் கொடுக்கும் இரங்கல் தொகை மட்டும். குந்தூஸ் மருத்துவமனையில் இறந்தவருக்கு 6,000 டாலர், காயமடைந்தவருக்கு 3,000.